மேல்மலைக்குப் போன பூ

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலில் பூச்செடி வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கோழி கிளறும். ஆடு வந்து எட்டிப் பார்க்கும், பார்த்துவிட்டுச் சும்மாவும் போகாது. பிள்ளைகள் எந்தப் பக்கம் பந்து அடித்தாலும் அது செடியின் தலையில்தான் வந்து விழும். இத்தனைக்கும் தப்பித்தால் மழை இருக்கவே இருக்கிறது. தண்ணீர் ஓடும் கான் நிரம்பி வழிந்து, மண்ணோடு வேரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி மலையிலிருந்து வந்து, கொழுந்துப் பையின் அடியிலிருந்து ஏதோ வேர்க்கட்டை எடுத்து வாசலில் போட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“என்ன புள்ள இது, வெங்காயத் தாளா?”

“பூச்செடிங்க. டே லிலியாம். தொரை பங்களாவுல புல்லு வெட்ட அனுப்புனாங்கல்ல, அங்க தோட்டக்காரரு பெரிய புதரப் பிரிச்சு நட்டுக்கிட்டு இருந்தாரு. மிச்சத்தக் குப்பையில போடப் போனாரு. கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

குட்டை ஜாதி, முழங்கால் உயரத்தைத் தாண்டாது, சின்ன இடம் போதும் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். காலையில் விரியும் பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அடுத்த நாள் அடுத்த மொட்டு.

“ஒரு நாளைக்குத்தானா? அதுக்கா இந்தப் பாடு?” என்றேன்.

“ஒரு நாள் இருந்தா பத்தாதா?” என்றாள்.

இவளிடம் பேச்சில் தோற்கும்போதெல்லாம் நான் தையல் மெஷினை வேகமாக மிதிப்பது வழக்கம். அன்றும் மிதித்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன் நான். ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துபோனது. இப்போது இஸ்தோப்பில், அதாவது எங்கள் அறையான காம்பராவுக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கமான தாழ்வாரத்தில், மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறேன். அவள் கொழுந்து எடுக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எடுக்கிறாள். விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது, தேயிலை மேலே. மத்தியானம் வீட்டுக்கு இறங்கி ஏறினால் சாப்பாட்டு நேரம் நடையிலேயே கழிந்துவிடும். அதனால் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு போய் மலையிலேயே சாப்பிடுவாள்.

அவள் அந்தச் செடியைத் தேயிலைக் கன்று நடுவதைப் போலவே நட்டாள். ஆழமாகக் குழி தோண்டி, கழுத்துவரை புதைத்து, குதிகாலால் நன்றாக மிதித்து இறுக்கினாள். இலை வந்தது. கத்தி கத்தியாக, பச்சைப் பசேலென்று வந்தது. பூ மட்டும் வருவதாக இல்லை. “உன் பூச்செடி நல்ல புல்லுச் செடியா இருக்கே” என்று நான் தினமும் சீண்டுவேன். கடைசியில் அவள் பங்களாத் தோட்டக்காரரை ரோட்டில் பார்த்துக் கேட்டிருக்கிறாள். கழுத்து மண்ணுக்கு மேலாக்கில் இருந்தால்தான் பூக்கும் என்றாராம். அன்று சாயங்காலமே செடியைக் கிளப்பி, சிரித்துக்கொண்டே மறுபடி நட்டாள். “தேயிலைக்குப் பழகுன கைங்க, வேற என்ன செய்யும்?” என்றாள்.

அதற்குப் பிறகு நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியையும் நீலத் துணியையும் நாடா நாடாவாகக் கிழித்து, குச்சி நட்டு, கோழி வராமல் ஒரு வேலி கட்டினேன். அடுப்புச் சாம்பலைத் தூவினேன். நத்தை ஏறாமலிருக்க முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். செடிக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். மெஷினிலிருந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே அதுதான் நிற்கிறது.

பிறகு ஒரு தண்டு வந்தது. தண்டின் நுனியில் மொட்டுகள் வந்தன. ஒரு நாள் அவள் பெரட்டுக்குப் போன பிறகு, பனி விலகி வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், முதல் மொட்டு என் கண் முன்னாலேயே விரிந்தது. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்து நிமிர்ந்தபோது பூ பாதி திறந்திருந்தது. ஒரு சட்டைக்குக் காலர் வைத்து நிமிர்ந்தபோது முழுவதும் திறந்திருந்தது. வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகான ஒன்று எங்கள் கான் ஓரத்தில் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் வந்தபோது அது சுருண்டு, நனைந்த துணியைப் பிழிந்து போட்டது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“மஞ்சளா?” என்று குனிந்து பார்த்தாள். “வெளிய மஞ்சள்னு தெரியுது. உள்ள எப்படி இருந்துச்சு?”

“உள்ளயா? அத ஏன் கேக்குற, நடுவுல…”

ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் தேயிலைக் கறை, தேயிலை வாசனை. “சொல்லாதீங்க. நானே பார்க்கணும்.”

அடுத்த நாளும் பூத்தது. அதற்கடுத்த நாளும் பூத்தது. எல்லாப் பூவும் எனக்குத்தான். நட்டவள் மலையில் நிற்கிறாள். நக்கலடித்தவன் உட்கார்ந்த இடத்தில் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாளே என்றால், கொழுந்து பொங்கி வரும் காலம் அது, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் படம் எடுத்துக் காட்டினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். “காலையில எந்திரிச்சா இதுலதான் ஊரு பூவெல்லாம் வருது, குட் மோர்னிங்னு. நம்ம வீட்டுப் பூவையும் இதுல பார்க்கவா நட்டேன்?” என்றாள்.

ஒரு நாள் விடிகாலையில் மொட்டின் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். வெயில் படாவிட்டால் தாமதமாக விரியும், அவள் வரும் நேரத்துக்குத் திறந்து காட்டலாம் என்பது என் கணக்கு. பூ வாளிக்குள்ளேயே விரிந்து, வாளிக்குள்ளேயே வாடி முடிந்திருந்தது. அன்று அதை நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட அறிவாளியைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டது.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா வேலையிலிருந்து நின்றவர், பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். அவரும் வந்து வந்து பார்த்தார். “என்னமா இருக்கு தம்பி, கண்ண எடுக்க முடியல” என்றார். அதை அவளிடமும் போய்ச் சொன்னார்.

“எல்லாரும் பார்த்தாச்சு. நட்டவ மட்டும்தான் பார்க்கல” என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் குரல் சிரிக்கவில்லை.

“ஒரு நாள் வேலைக்குப் போகாம நில்லேன்.”

“பூப் பார்க்க நின்னேன்னு கங்காணிகிட்ட சொல்லவா? காலாகாலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

அந்தத் தண்டு ஓய்ந்தது. இந்தக் குட்டை ஜாதிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை பூத்துவிட்டு வருஷம் முழுக்கத் தூங்காது. கொஞ்ச நாளில் அடுத்த தண்டை எடுத்துவிடும். புதிய தண்டுகள் வந்தன. மொட்டுகள் பிஞ்சாக, இறுக்கமாக, பச்சையாக இருந்தன. தீபாவளி வந்துகொண்டிருந்தது. மொட்டு பருக்கும் வேகத்தைப் பார்த்தால் தீபாவளி லீவுக்குச் சரியாக விரியும் போலிருந்தது. சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால் மொட்டைத்தான் போய்ப் பார்ப்பாள். தீபாவளிக்கு என்ன புடவை வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பூவின் வெளிப்புற மஞ்சளில் எடுங்கள் என்றாள். ஹட்டன் டவுனில் நான் நூலும் துணியும் வாங்கும் கடைக்கார பாய், மஞ்சளிலேயே பத்து விதம் எடுத்துப் போட்டார். எது அந்த மஞ்சள் என்று தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து, “புடவை உங்களுக்கா, வீட்டுக்கா?” என்று கேட்டார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அவள் வழக்கம்போல எழுந்து, அடுப்புப் பற்றவைத்து, எனக்குப் பால் போடாத சாயத்தண்ணி கொடுத்துவிட்டு வாசல் கூட்டப் போனாள். நான் உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். கூட்டுகிற சத்தம் நின்றது. அப்புறம் மெல்லிய குரலில், “பொலி” என்று கேட்டது.

எங்கள் மலையில் பெண்கள் காலையில் எடுக்கும் முதல் கைக்கொழுந்தைப் பையில் போடும்போது “பொலி” என்று சொல்லித்தான் போடுவார்கள். அன்றைய கொழுந்து பெருகட்டும், ஒன்று பலவாகட்டும் என்பதற்காக. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. கை எடுக்கும், வாய் சொல்லும். ஆனால் அது மலையில் கேட்க வேண்டிய சொல். எங்கள் வாசலில் எதற்குக் கேட்கிறது? எழுந்து வெளியே போனேன்.

விளக்குமாறு அக்குளில் இருந்தது. இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் மொட்டுகள். தண்டு நுனிகளெல்லாம் நகத்தால் கிள்ளிய சுத்தத்தோடு மொட்டையாக நின்றன. தேயிலை மாதிரி இடுப்பு உயரத்தில் இல்லாவிட்டாலும், குனிந்து கூட்டும்போது பச்சையாக ஏதோ நுனி கையில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே வேலையை அது செய்துவிட்டது.

எனக்கு முன்கோபம் உண்டு. பட்டன் உருண்டு கீழே போனாலே கத்துகிறவன் நான். வாயைத் திறந்தும்விட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அப்படியே படியில் உட்கார்ந்தாள். “எடுக்கத்தாங்க தெரியுது இந்தக் கைக்கு. விட்டு வைக்கத் தெரியல” என்றாள். பிறகு அழுதாள். எங்கள் மகள் கல்யாணமாகி உடப்புசல்லாவைக்குப் போன அன்றுகூட இப்படி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல் நுனிகள் கறுத்து, வெடித்து, சொரசொரவென்று இருந்தன. நாங்கள் சாப்பிட்டது, மகள் படித்தது எல்லாம் அந்த விரல்களால்தான். அதை அன்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மொட்டுகளைச் சாமிப் படத்துக்குக் கீழே ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு வைத்தாள். பிஞ்சு மொட்டுகள், எங்கே விரிவது? மஞ்சளாகி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. தீபாவளிக்கு மஞ்சள் புடவை கட்டினாள். வாசலில் பூ இல்லை.

அதன் பிறகு அவள் செடிக்குப் பக்கத்தில் போவதே இல்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னால், “நீங்களே ஊத்துங்க, என் கைய நம்பாதீங்க” என்பாள். அந்த வழியாக நடந்தால் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள், அடிபட்ட பிள்ளை மாதிரி. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. பூ பார்க்காவிட்டால் போகிறது. தன் கையையே ஒருத்தி ஒளித்து வைப்பதா?

தைப்பொங்கல் கழிந்து மறுபடி ஒரு தண்டு வந்தது. நான் அவளிடம் மூச்சு விடவில்லை. அவள் மலைக்குப் போன ஒரு பகலில், தண்டோடு இருந்த பக்கக் கன்றை மண்ணோடு பெயர்த்து, அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளிக்குள் வைத்தேன். குட்டை ஜாதி என்பதால் வாளிக்குள் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வாளியைப் பக்கத்துக் காம்பரா அக்காவின் வீட்டுப் பின்பக்கம் மறைத்து வைத்தேன். “இந்த வயசுல இது என்ன கள்ள வேலை தம்பி?” என்று அவர் கேட்டார், ஆனால் தண்ணீர் ஊற்றினார்.

மொட்டு விரியப்போவதை முதல் நாள் சாயங்காலமே கண்டுபிடிக்க எனக்கு இப்போது தெரியும். உப்பும், பச்சை போய் நிறம் ஏறும், நுனி லேசாக இளகும். அப்படி இளகிய ஒரு மொட்டைப் பார்த்த மறுநாள் காலையில், அவள் பெரட்டுக்குப் போனதும் மெஷினை மூடினேன். பூ விரிந்தது. வாளியின் காதில் துணி நாடாவை முடிந்து தோளில் மாட்டிக்கொண்டேன். காற்றில் இதழ் கிழியாமலிருக்க, கோட்டுக்கு உள்ளே வைக்கும் வழுவழுப்பான துணியால் மேலே ஒரு கூடாரம். கையில் ஒரு தடி. முழங்காலிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

மேல்மலைக்கு அந்தப் படிகளில் நான் ஏறிப் பல வருஷமாகிவிட்டது. நின்று நின்று ஏறினேன். காலில் அட்டை ஏறியது, தட்டிவிட்டேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் துணியைத் தூக்கி, பூ இருக்கிறதா என்று பார்த்தேன். பூவுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மத்தியானக் கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். தராசடியில் நின்ற கங்காணி என்னைப் பார்த்து, “என்னப்பா, சீர்வரிசை தூக்கிட்டு வர்ற? யாரு வீட்டுல கல்யாணம்?” என்றார். சிரிப்பு கிளம்பியது. வரிசையின் கடைசியில், ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டி நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“என்னங்க? யாருக்கு என்ன? மகளுக்கு ஏதாச்சுமா?”

கெட்ட செய்திக்குத் தவிர நான் மலையேற மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பேச மூச்சு இல்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாளியை அவள் முன்னால் வைத்து, துணியை எடுத்தேன்.

நல்ல மஞ்சளில் ஆறு இதழ். நடுவில் சுற்றிலும் கருஞ்சிவப்பு, குங்குமம் கலைந்து பரவிய மாதிரி. அதற்கும் உள்ளே, தொண்டையில், இளம் பச்சை. நான் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான்.

அவள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். “உள்ள பச்சை…” என்றாள். வலது கை தானாக முன்னால் வந்தது. பாதி வழியில் அதைக் கண்டுகொண்டு, இரண்டு கைகளையும் படங்குக்குள் சொருகிக்கொண்டாள். முகத்தை மட்டும் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருத்தி மெதுவாக, “பொலி” என்றாள். “பொலி, பொலி” என்றார்கள் மற்றவர்களும். ஒரு கையும் நீளவில்லை. கங்காணி தராசைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

அவள் ரொட்டியை அந்த வாளிக்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் கிளம்ப எழுந்ததும், “இப்பவே கொண்டு போயிடாதீங்க. சாயங்கால நிறுவைக்கும் ஒருக்கா பார்த்துக்கிறேன்” என்றாள். அதனால் பொழுது சாயும் வரை தராசடியில் பூவுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். கங்காணி தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இப்படி ஒரு வேலையைத் தன் கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்டார்.

சாயங்காலம் நானும் அவளும் சேர்ந்து இறங்கினோம். வாளி அவள் இடுப்பில். பூ சுருள ஆரம்பித்திருந்தது. பள்ளத்துத் திருப்பத்தில், என் முழங்காலுக்காக நின்றோம்.

“இந்த வாடினதக் கிள்ளலாமாங்க?” என்று கேட்டாள்.

“கிள்ளணும் புள்ள. அப்பதான் அடுத்த மொட்டுக்குச் சத்து போகும்.”

வாளியைக் கீழே வைத்தாள். வாடிய பூவை ஒட்டியே நாளைக்கு விரியும் மொட்டு, நிறம் ஏறி, இளகி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் நுழையும் இடம்கூட இல்லை. அவள் விரல் போய், வாடியதை மட்டும் கிள்ளி எடுத்தது. மொட்டு அசையக்கூட இல்லை. கையை விரித்து என்னிடம் நீட்டினாள்.

“பார்த்தீங்களா,” என்றாள். “விட்டு வச்சிருக்கேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

லயத்துக்கு வந்ததும் கான் ஓரத்தில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு இது விரியும். நீங்க பார்த்து வச்சு, சாயங்காலம் வந்ததும் எனக்குச் சொல்லுங்க.”

“சொன்னா வாயப் பொத்துவியே?”

“அது அப்ப. ஒண்ணு பார்த்துட்டேன்ல, இனி சொன்னா எனக்குத் தெரியும்.”

மறுநாள் அவள் வந்ததும் சொன்னேன். அதிலிருந்து தினமும் சொல்கிறேன். சில நாட்களில் தைக்கிற மும்முரத்தில் மறந்துவிடுவேன். அப்போது ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று அவளே கேட்பாள்.